கடைக்கும் வீட்டிற்கும் இடையே

கடைக்கும் வீட்டிற்கும் இடையே எக்காலத்திலும் ஒரு தொலைவு இருந்து வந்திருக்கிறது. அது நூறு அடியாக இருக்கலாம். ஐந்து கல்லாகவும் இருக்கலாம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் உப்பும் தாமாக நடந்து அடுக்களைக்கு வந்து சேர்வதில்லை. அவற்றை ஒருவர் சுமக்க வேண்டும்; அதற்காக ஒருவர் தம் பொழுதைச் செலவிட வேண்டும்; அந்தச் சுமைக்கும் பொழுதுக்கும் யாரேனும் விலை கொடுத்தாக வேண்டும். வாணிகத்தின் வரலாற்றை எழுதிய பெருமக்கள் கப்பல்களைப் பற்றியும் துறைமுகங்களைப் பற்றியும் பட்டுப் பாதையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதி வைத்துள்ளனர். கடை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள அந்தச் சிறிய வழியைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆயினும், கடந்த நூறு ஆண்டுகளில் பெரும் வணிகர் பலரை உயர்த்தியதும் வீழ்த்தியதும் அந்தச் சிறிய வழியேயாகும். இணையத்தின் வாயிலாகக் காய்கறி வாங்குவதும், சொன்ன நேரத்தில் அது வாசலுக்கு வந்து சேர்வதும் இன்றைய இளையோருக்குப் புத்தம் புதிய விந்தையாகத் தோன்றுகின்றன. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அவ்வாறு தோன்றுவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தவர், அங்கிருந்த பண்டத்தைத் தம் கையால் எடுக்க இயலாது. குறுக்கே நீண்ட மேசை ஒன்று இருக்கும். அதற்கப்பால் மாவு மூட்டைகளும் தேயிலைப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கும். கேட்ட பொருளைக் கடைப்பணியாளர் எடுத்து, நிறுத்து, தாளில் மடித்துக் கட்டித் தருவார். வசதியுள்ள குடும்பத்துப் பெண்டிர் கடைக்கு வருவதுகூட இல்லை. பட்டியலை எழுதி அனுப்புவர். தொலைபேசி வந்த பின்னர் அதன் வழியே சொல்வர். மாலைக்குள் குதிரை வண்டியிலோ கூடை கட்டிய மிதிவண்டியிலோ ஒரு சிறுவன் சாமான்களைக் கொண்டு வந்து இறக்குவான். கணக்கு மாத இறுதியில் தீர்க்கப்படும். ஜப்பானிலோ கடைக்காரரின் ஆளே நாள்தோறும் வீடு வீடாக வந்து, இன்று என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துச் செல்வார். அவருக்குக் 'கோயோகிகி' என்று பெயர். ஆகவே, பொருளை வீட்டிற்கே கொண்டு சேர்ப்பது பழைய வழக்கம். கடைக்குச் சென்று தாமே எடுத்துச் சுமந்து வருவதுதான் பின்னாளில் புகுந்த புதுமை. இந்த வரிசை மாறிப் புரிந்து கொள்ளப்படுவதாலேயே இத்துறையைப் பற்றிய பேச்சுகள் பல குழப்பமாக முடிகின்றன.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வழக்கம் வேறொரு கோலத்தில் வேரூன்றியிருந்தது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாடு வளர்த்த தமிழர்கள் விடியற்பொழுதில் வீடு வீடாகச் சென்று பால் ஊற்றினர். ரொட்டிக்காரர் முதலில் மிதிவண்டியிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் ஊதல் ஒலித்துக்கொண்டு தோட்டத்து லயங்களுக்கும் கம்பத்து வீடுகளுக்கும் வந்தார். மளிகைக் கடைகளிலோ, முகப்பில் 555 என்னும் எண் அச்சிட்ட சிறு குறிப்பேடு ஒன்றில் பற்றுக் கணக்கு எழுதப்பட்டது. சம்பள நாளில் அக்கணக்குத் தீரும். சில வீடுகளில் தீராமலும் போகும். வீட்டில் என்ன உண்கிறார்கள், யாருக்கு உடல் நலமில்லை, எந்த மாதம் கைமுடை என்பதெல்லாம் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். வாங்குவோரின் பழக்கத்தைத் திரட்டி வைப்பதே தங்கள் செல்வம் என்று இன்றைய இணைய வணிகர்கள் பெருமை பேசுகின்றனர். பழைய கடைக்காரர் அதனை ஒரு சிறிய ஏட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

இனி, அந்தப் பழைய முறை எவ்வாறு குலைந்தது என்பதைக் காண்போம். வீட்டிற்குக் கொண்டு சேர்ப்பதும் கடன் தருவதும் இனாமாகக் கிடைக்கவில்லை. சிறுவனின் கூலியும் குதிரையின் தீனியும் வாராக் கடனும் பண்டத்தின் விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தன. தாமே சுமந்து செல்ல அணியமாயிருந்த ஏழையும் அந்த விலையையே கொடுத்தார். இதனைக் கண்டுகொண்டவர்களுள் முன்னவர், கிரேட் அட்லாண்டிக் அண்ட் பசிபிக் தேயிலை நிறுவனத்தை நடத்திய ஹார்ட்ஃபோர்டு குடும்பத்தினர். 1912ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில் ஜான் ஹார்ட்ஃபோர்டு 'சிக்கனக் கடை' ஒன்றைத் திறந்தார். அங்கே கடன் இல்லை. தொலைபேசியில் சொல்ல இயலாது. வீட்டிற்குக் கொண்டு தருவதும் இல்லை. ஆனால் விலை குறைவு. மக்கள் வரிசையில் நின்றனர். 1930 அளவில் அந்நிறுவனத்தின் கடைகள் பதினையாயிரத்தைத் தாண்டிவிட்டன.

மேசையை அகற்றும் துணிவு மற்றொருவருக்கு வாய்த்தது. 1916ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்னும் விந்தைப் பெயரில் ஒரு கடையைத் திறந்தார். உள்ளே நுழைந்தவர் சுழல் தடுப்பு ஒன்றைக் கடந்து, கையில் ஒரு கூடையுடன் ஒருவழிப் பாதையில் நடப்பார். அப்பாதை கடையிலுள்ள அனைத்துப் பண்டங்களையும் காட்டாமல் அவரை வெளியே விடாது. ஒவ்வொரு பொருளின் மீதும் விலை குறிக்கப்பட்டிருந்தது. வேண்டியதைத் தாமே எடுத்து, வாயிலில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். மறு ஆண்டே சாண்டர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடைப்பணியாளர் செய்து வந்த வேலையில் பாதியை வாடிக்கையாளரே ஊதியமின்றிச் செய்யத் தொடங்கினார். அதையும் மகிழ்ச்சியோடு செய்தார். தம் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கிறோம் என்னும் எண்ணம் அவருக்குக் கிடைத்த கூலியாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1930இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் திறந்த கிங் கல்லன், பேரங்காடிகளின் முன்னோடியாயிற்று. 1937இல் ஓக்லஹோமா நகரின் சில்வன் கோல்டுமேன் தள்ளுவண்டியை அமைத்துத் தந்தார். வீட்டில் குளிர்பதனப் பெட்டியும் வாசலில் மோட்டார் வண்டியும் இருந்துவிட்டால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நடையில் வாங்கிவிடலாம். கடைச் சிறுவன் நடந்த வழியை இல்லத்தரசி ஓட்டிக் கடந்தார். அந்த வழியின் செலவு மறைந்துவிடவில்லை. கடைக்காரரின் கணக்கிலிருந்து குடும்பத்தின் கணக்குக்கு மாறிற்று. ஆனால் குடும்பங்கள் அதனைக் கணக்கில் எழுதுவதில்லை. சனிக்கிழமைப் பொழுதுக்கு எவரும் விலை போட்டுப் பார்ப்பதில்லை அல்லவா?

சாண்டர்ஸின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பங்குச் சந்தைப் பூசலொன்றில் சிக்கி, 1923இல் அவர் தாம் தோற்றுவித்த நிறுவனத்தையே இழந்தார். எனினும் சோர்ந்து அமரவில்லை. 1937இல் அதே மெம்ஃபிஸ் நகரில் 'கீடூசில்' என்னும் கடையை அமைத்தார். 'சாவியே எல்லாம் செய்யும்' என்பதன் சுருக்கமே அப்பெயர். பண்டங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். வாடிக்கையாளர் கையிலுள்ள சாவியை வேண்டிய பண்டத்தின் துளையில் செருகுவார். இயந்திரம் அதனைக் குறித்துக்கொள்ளும். பொருள்கள் நகரும் பட்டையின் வழியே வாயிலுக்கு வந்து சேரும். கூட்டம் மிகுந்த வேளையில் இயந்திரம் திணறியது, பழுதடைந்தது, பண்டங்கள் ஆள் மாறின. போருக்குப் பின் மீண்டும் முயன்று, 1949இல் அம்முயற்சியைக் கைவிட்டார். 1953இல் அவர் மறைந்தபோது அவரைத் தோல்வியுற்ற கனவாளர் என்றே பலர் கருதினர். மனிதரை நடக்க வைத்துச் செல்வம் சேர்த்தவரே, மனிதர் நடக்க வேண்டாத கடையைக் கனவு கண்டு செல்வத்தை இழந்தார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

இங்கிலாந்தில் தாமே எடுத்துக்கொள்ளும் முறை சற்றுப் பிந்தியே பரவிற்று. சேன்ஸ்பரி நிறுவனம் தன் முதல் அத்தகைய கடையை 1950இல் குராய்டனில் திறந்தது. ஆனால் ஒரு பொருள் மட்டும் அங்கே பிடிவாதமாக வாசலுக்கே வந்து கொண்டிருந்தது. அது பால். மின்கலத்தால் ஓடும் ஓசையற்ற வண்டிகள் விடியுமுன் தெருத்தெருவாகச் சென்றன. 1970களில்கூட அந்நாட்டு வீடுகளில் வாங்கப்பட்ட பாலில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு வாசற்படியில் வைக்கப்பட்டதாகும். பின்னர்ப் பேரங்காடிகள் பாலை மலிவாக விற்கத் தொடங்கவே, ஒரே தலைமுறையில் அவ்வழக்கம் பெரும்பாலும் அற்றுப் போயிற்று. பால் நின்ற அதே ஆண்டுகளில், அதே நாட்டின் வடகோடியில், வேறொன்று தொடங்கிற்று.

டைன் ஆற்றின் தென்கரையில் நியூகாசிலை நோக்கியபடி அமைந்திருப்பது கேட்ஸ்ஹெட் நகரம். நிலக்கரியாலும் கப்பல் கட்டும் தொழிலாலும் வாழ்ந்த வட்டாரம் அது. 1984ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்து கொண்டிருந்தது. அத்தகைய காலத்தில் அந்நகர மன்றம், வெளியே நடமாட இயலாத முதியோருக்கும் உடற்குறையுற்றோருக்கும் உதவும் பொருட்டு ஒரு திட்டத்தை மேற்கொண்டது. மே மாதத்தில் ஒரு நாள், 72 வயதான ஜேன் ஸ்னோபால் என்னும் மூதாட்டி தம் வீட்டுச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, தொலைக்காட்சியின் கைவிசையை அழுத்தினார். திரையில் பொருள்களின் பட்டியல் தோன்றிற்று. செயற்கை வெண்ணெய், சோள அவல், முட்டை ஆகிய மூன்றையும் அவர் தேர்ந்தெடுத்தார். அச்செய்தி தொலைபேசிக் கம்பியின் வழியே அவ்வூர் டெஸ்கோ அங்காடிக்குச் சென்றது. பணியாளர்கள் அவற்றை எடுத்துக் கட்டி, அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்து கொடுத்தனர். அவர் கையோடு பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டார்.

உலகில் வீட்டிலிருந்தபடியே கம்பி வழியாக மளிகை வாங்கிய முதல் நிகழ்ச்சி என்று இது போற்றப்படுகிறது. அம்மூதாட்டியின் வீட்டில் கணினி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே தொலைபேசிக் கம்பியின் மூலம் வணிகக் கணினியோடு பிணைத்தவர் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர். 1979ஆம் ஆண்டில் அவர் ரெடிஃபோன் கணினி நிறுவனத்தில் பணியாற்றினார். மனைவியோடும் நாயோடும் உலாவச் சென்றபோது, வாரந்தோறும் பேரங்காடிக்குப் போய் வரும் தொல்லையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதிலிருந்து இவ்வெண்ணம் உதித்தது என்பர். அவர் இதற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. 1981இல் தாம்சன் விடுமுறைச் செலவு நிறுவனம் இம்முறையைத் தன் முகவர்களோடு வணிகம் செய்யப் பயன்படுத்திற்று. ஆனால் வீடுகளுக்கு அது பரவவில்லை. தொலைபேசிக் கட்டணமும் கருவியின் விலையும் அதற்குத் தடையாயின.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அம்முதல் முயற்சி வேலைப்பளு மிக்க செல்வருக்காகச் செய்யப்பட்டதன்று. நடக்க இயலாத முதியோருக்காகச் செய்யப்பட்டது. அந்த வழியின் செலவைச் சுமக்க ஒரு நகர மன்றம் தோள் கொடுத்தது. அடுத்து வந்தவர்கள் இக்கருத்தின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டனர். நோக்கத்தைப் பின்னே விட்டுவிட்டனர்.

1989இல் அமெரிக்காவின் சிகாகோ நகரையடுத்த எவன்ஸ்டனில் ஆண்ட்ரூ பார்க்கின்சன், தாமஸ் பார்க்கின்சன் என்னும் உடன்பிறந்தார் பீபாட் நிறுவனத்தைத் தொடங்கினர். வாடிக்கையாளர் தம் வீட்டுக் கணினியில் தொலைபேசி இணைப்பின் வழியே பட்டியலை அனுப்புவார். பீபாட் ஆட்கள் ஏற்கெனவே உள்ள பேரங்காடிக்குச் சென்று வாங்கிக் கொண்டு வருவர். மெல்ல நடந்த வணிகம் அது. 1990களின் இறுதியில் இணையத்தின் மீது எழுந்த பெருமயக்கத்திற்கு அந்த மெதுநடை போதவில்லை.

வெப்வேன் நிறுவனத்தின் கதை இத்துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதாகும். புத்தகக் கடைகளால் பெயர் பெற்ற லூயிஸ் போர்டர்ஸ் 1996இல் அதனை நிறுவினார். 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விற்பனை தொடங்கிற்று. ஓக்லந்தில் அவர்கள் எழுப்பிய கிடங்கு 3,30,000 சதுர அடிப் பரப்புடையது. கல் கணக்கில் நீண்ட நகரும் பட்டைகள் பெட்டிகளைச் சுமந்தன. சுழலும் அடுக்குகள் பண்டத்தைப் பணியாளரிடம் கொண்டு வந்தன. சாண்டர்ஸின் கனவு அறுபது ஆண்டுகளுக்குப் பின் பேருருக் கொண்டு எழுந்தது போலிருந்தது அது. வாடிக்கையாளர் குறிக்கும் முப்பது நிமிட இடைவெளிக்குள் பொருள் வாசலுக்கு வரும் என்று உறுதி கூறினர். பெக்டெல் கட்டுமான நிறுவனத்தோடு 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்து, 26 நகரங்களில் இத்தகைய கிடங்குகளை எழுப்பத் திட்டமிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் பங்குகளை விற்று 37 கோடியே 50 இலட்சம் டாலர் திரட்டினர்.

வீழ்ச்சிக்கு முதலீடு போதாமை காரணமன்று. முதல் கிடங்கு நிறையுமுன் அடுத்த கிடங்கைக் கட்டினர். ஒரு வண்டி ஒரு தெருவில் பத்து வீடுகளுக்குச் சாமான் இறக்கினால் ஒரு வீட்டிற்கான செலவு சிறிது. ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் நான்கு கல் தொலைவு இருந்துவிட்டால் கிடைக்கும் ஆதாயமெல்லாம் எரிநெய்க்கும் ஓட்டுநர் கூலிக்கும் சரியாகப் போகும். மளிகை வணிகத்தில் நூறு வெள்ளிக்கு விற்றால் இரண்டோ மூன்றோ வெள்ளிதான் மிஞ்சும் என்பது எல்லாக் கடைக்காரரும் அறிந்ததே. அந்த இரண்டு வெள்ளியில் ஒரு வண்டியை ஊர் சுற்ற அனுப்ப முடியுமா? ஓக்லந்துக் கிடங்கின் இயந்திரங்களைத் திட்டமிட்ட அறிவாளர் எவரும் இந்த எளிய வினாவுக்கு விடை காணவில்லை. 80 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. 2001ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெப்வேன் மூடப்பட்டது. ஏறக்குறைய 2,000 பேர் வேலையிழந்தனர். நியூயார்க்கில் 1998இல் தோன்றி, மிதிவண்டி ஆட்களைக் கொண்டு ஒரு மணி நேரத்தில், அதுவும் கூலி வாங்காமல், தின்பண்டங்களைக் கொண்டு தந்த காஸ்மோ நிறுவனம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அந்நாள்களில் வழியின் செலவைச் சுமந்தவர்கள் பங்கு வாங்கியவர்கள். தாங்கள் எதைச் சுமக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எனினும் அத்தோல்வி வீணாகிவிடவில்லை. வெப்வேனில் பணியாற்றிய மிக் மவுண்ட்ஸ், பணியாளர் அடுக்கை நாடி நடப்பதற்கு மாறாக அடுக்கே பணியாளரை நாடி வரச் செய்யும் சிறு இயந்திர வண்டிகளை உருவாக்க 2003இல் கீவா நிறுவனத்தைத் தொடங்கினார். 2012இல் அமேசான் அதனை 77 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இங்கிலாந்தில் டெஸ்கோ நிறுவனம் இதே காலத்தில் முற்றிலும் வேறான வழியில் நடந்தது. 1996இல் இலண்டனின் மேற்குப் பகுதியிலுள்ள ஆஸ்டர்லியில் அது செய்து பார்த்த முறையில் வியப்பூட்டும் எதுவுமில்லை. புதிய கிடங்கு கட்டவில்லை. இருக்கும் அங்காடியிலேயே பணியாளர் ஒருவர் தள்ளுவண்டியைத் தள்ளிச் சென்று, பல வீடுகளின் பட்டியலை ஒரே நடையில் எடுத்து வருவார். வண்டி அவற்றை இறக்கி வரும். அதற்குக் கட்டணமாக ஐந்து பவுன் வெளிப்படையாகக் கேட்டுப் பெறப்பட்டது. வல்லுநர்கள் நகைத்தனர். ஆனால் வெப்வேன் வீழ்ந்த அதே 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சேஃப்வே நிறுவனம் டெஸ்கோவின் துணையை நாடிப் பெற்றது. வழிக்கூலியை விலைக்குள் ஒளிக்காமல் முகத்துக்கு நேரே கேட்டதுதான் டெஸ்கோ செய்த ஒரே அருஞ்செயல். மலேசியாவில் 2002இல் கால் பதித்த அந்நிறுவனம், 2013இல் இங்கும் இணைய விற்பனையைத் தொடங்கிற்று. 2020இல் அதன் மலேசியக் கடைகள் கைமாறி, மறு ஆண்டு முதல் லோட்டஸ் என்னும் பெயரில் வழங்கி வருகின்றன.

இலண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டில் கிடங்கு அமைத்து, 2002இல் விற்பனை தொடங்கிய ஒகாடோவோ மீண்டும் இயந்திர வழியையே நாடிற்று. ஆண்டு முழுமைக்குமான முதல் ஆதாயத்தைக் காண அதற்கு 2014 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 2016இல் ஆண்டோவரில் அது திறந்த கிடங்கில், தேன்கூடு போன்ற பெருங்கட்டங்களின் மேல் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஓடிப் பண்டங்களை எடுத்தன. 2019 பிப்ரவரியில் அக்கிடங்கு தீக்கிரையாயிற்று. 2021 ஜூலையில் எரித் கிடங்கிலும் இயந்திரங்கள் மோதித் தீப்பற்றியது. இடையறாது முயன்று பல நாட்டு அங்காடிகளுக்கு இந்நுட்பத்தை அது விற்று வந்திருக்கிறது.

மேலைநாட்டார் இயந்திரத்தைத் தேடிய வேளையில், ஜப்பானியப் பெண்டிர் அண்டை வீட்டாரைத் தேடினர். 1965இல் தோக்கியோவின் செத்தகாயாப் பகுதியில் ஏறக்குறைய இருநூறு இல்லத்தரசிகள் ஒன்றுகூடிப் பாலை மொத்தமாக வாங்கத் தொடங்கினர். அதிலிருந்து செய்காட்சு கழகம் வளர்ந்தது. 1968இல் அது கூட்டுறவுச் சங்கமாயிற்று. அடுத்தடுத்த வீட்டார் சிலர் சேர்ந்து ஒரு 'ஹான்' என்னும் குழுவாவர். அனைவரின் தேவையும் ஒரே பட்டியலாகச் செல்லும். வாரத்திற்கு ஒரு முறை வண்டி ஓரிடத்தில் நிற்கும். அங்கே அவர்கள் கூடிப் பிரித்துக்கொள்வர். பத்து வாசலுக்குப் போக வேண்டிய வண்டி ஒரு வாசலோடு நின்றுவிட்டது. வெப்வேனை வீழ்த்திய கணக்கை இப்பெண்டிர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தனர். பிரித்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரத்தில் பண்டத்தின் தரமும் விலையும் மட்டுமல்லாது, பிள்ளைகளின் படிப்பும் ஊர் நடப்பும் பேசப்பட்டன. 1989இல் இக்கழகத்திற்கு ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. பின்னர்ப் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லத் தொடங்கவே, பகலில் வண்டி வரும்போது வீட்டில் ஆளில்லாமற் போயிற்று. தனித்தனி வீட்டிற்குக் கொண்டு தரும் முறை ஜப்பானியக் கூட்டுறவுச் சங்கங்களிலும் மேலோங்கிற்று.

2010க்குப் பின் இவ்வணிகத்தின் நடுவிடம் ஆசியாவுக்குப் பெயர்ந்தது. கைப்பேசியே கடையாயிற்று. 2011இல் சியோல் நகரின் சொல்லுங் நிலத்தடி நிலையத்தில் ஹோம்பிளஸ் நிறுவனம் அங்காடி அடுக்குகளின் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்தது. வேலைக்குச் செல்வோர் கைப்பேசியால் அப்படங்களின் குறியீட்டைப் படித்து வாங்கினர். அதே 2011இல் பெங்களூரில் பிக்பாஸ்கெட்டும் சிங்கப்பூரில் ரெட்மார்ட்டும் தோன்றின. ரெட்மார்ட்டை 2016இல் லசாடா வாங்கிற்று; பிக்பாஸ்கெட் 2021இல் டாட்டாவின் கைக்குச் சென்றது. சீனாவின் ஹேமா 2016இல் ஷாங்காயில் தன் முதல் கடையைத் திறந்து, மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் அரை மணி நேரத்தில் கொண்டு தருவதாகச் சொல்லிற்று. நெருங்கிய அடுக்குமாடி வீடுகள், மோட்டார் சைக்கிள், குறைந்த கூலிக்குக் கிடைக்கும் இளைஞர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த நகரங்களில், ஓக்லந்தில் விடை காணாத கணக்கு விடை கண்டது போல் தோன்றிற்று.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இதுவரை வசதியாக இருந்ததைத் தேவையாக்கிற்று. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கடைக்குச் செல்வதே அச்சத்துக்குரியதாயிற்று. பிரிட்டனில் பேரங்காடிகள் முதியோருக்கும் நோயால் நலிந்தோருக்கும் முன்னுரிமை அளித்து, கொண்டு தரும் நேரங்களை ஒதுக்கி வைத்தன. கேட்ஸ்ஹெட் நகர மன்றம் 1984இல் யாருக்காக முயன்றதோ, அவர்களிடமே அம்முறை 36 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது. அந்நாட்டு மளிகை விற்பனையில் ஏறக்குறைய 7 விழுக்காடாக இருந்த இணையத்தின் பங்கு, 2021 பிப்ரவரியில் 15 விழுக்காட்டைத் தாண்டிற்று.

அச்சம் தணிந்த பின் விரைவு ஒரு வெறியாயிற்று. இஸ்தான்புலில் 2015இல் தோன்றிய கெட்டிர், பெர்லினில் 2020இல் தோன்றிய கொரில்லாஸ் போன்றவை பத்தே நிமிடங்களில் கொண்டு தருவதாகக் கூவின. இந்தியாவில் குரோஃபர்ஸ் 2021இல் பிளிங்கிட் எனப் பெயர் மாற்றிக்கொண்டு அதே பாதையில் இறங்கிற்று. பத்து நிமிடத்தில் ஒரு வெங்காயம் வந்து சேர வேண்டிய அவசரம் எந்தச் சமையலில் உண்டு என்று எவரும் கேட்கவில்லை. தெருமுனைகளில் சன்னலற்ற கிடங்குகள் முளைத்தன. 2021இல் பெர்லின் ஓட்டுநர்கள் ஊதியம், பாரம், மழை, பணி நீக்கம் ஆகியவற்றை முன்வைத்துக் கிடங்கு வாயில்களை மறித்துப் போராடினர். 2022 இறுதியில் கொரில்லாஸைக் கெட்டிர் வாங்கிற்று. 2024 ஏப்ரலில் அந்தக் கெட்டிரே பிரிட்டன், செருமனி, நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து விலகுவதாக அறிவித்துத் துருக்கியோடு நின்றுவிட்டது. இந்தியாவில் மட்டும் அவ்விரைவு வணிகம் வளர்ந்தோங்கியது. அங்கே மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் ஒரு நாள் கூலி பெர்லின் ஓட்டுநரின் கூலியன்று.

முற்காலத்துக் கடைச் சிறுவனுக்குக் கடைக்காரர் முதலாளி. அடி பட்டால் அவரிடம் முறையிடலாம். இன்று மழையில் நனைந்தபடி பொட்டலத்தைச் சுமந்து வருபவர் எவருக்கும் பணியாளர் அல்லர் என்றே நிறுவனங்கள் நெடுநாள் சாதித்து வந்தன. அவர் தாமே தமக்கு முதலாளியாம். மோட்டார் சைக்கிள் அவருடையது, எரிநெய் அவருடையது, விபத்து நேர்ந்தால் கால் முறிவும் அவருடையது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தளத் தொழிலாளர் சட்டம், இத்தகையோருக்கு மத்திய சேம நிதியில் நிறுவனமும் பங்கு செலுத்த வேண்டும் என்றும், பணியில் காயமுற்றால் இழப்பீடு தர வேண்டும் என்றும் விதித்தது. அதே ஆண்டில் மலேசிய நாடாளுமன்றமும் கிக் தொழிலாளர்களுக்கான சட்ட முன்வரைவை நிறைவேற்றிற்று. சட்டம் வந்ததும் சிங்கப்பூரில் சில நிறுவனங்கள் ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் சில காசுகளைத் தனிக் கட்டணமாகச் சேர்த்தன. வாங்குவோர் சிலர் அதனைக் கண்டு முகம் சுளித்தனர்.